அட்லாண்டிக்கை இருமுறை கடந்த ஏடு

பாஸ்டன் நகரில், மசாசூசெட்ஸ் மாநில நூலகத்தின் பாதுகாப்பில் ஒரு கையெழுத்து ஏடு இருக்கிறது. உயரம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. அழுக்கேறிய வெள்ளைத் தோல் அட்டை. சுமார் 270 பக்கம். மை பழுப்பாகிவிட்டது. எழுதியவர் வில்லியம் பிராட்ஃபோர்ட். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்தை விட்டு வந்தவர். பிளிமத் குடியேற்றத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவர்னராக இருந்தவர். 1630-இல் எழுதத் தொடங்கி, இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதி, தம் மக்களின் கதையை இந்த ஏட்டில் பதிந்துவைத்தார். அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றுக்கு இதைவிட முக்கியமான கையெழுத்துப் பிரதிகள் மிகச் சிலவே.

ஆனால் என்னைப் பிடித்து இழுப்பது வரலாற்றுப் பகுதி அல்ல, ஏட்டின் கடைசியில் இருக்கும் சில பக்கங்கள். அவற்றில் சம்பவம் எதுவும் கிடையாது. பெயர்கள்தான் இருக்கின்றன. கப்பலில் யார் யார் வந்தார்கள், எந்தக் குடும்பத்தோடு வந்தார்கள், யார் இறந்தார்கள், மிஞ்சியவர்கள் யாரைக் கட்டிக்கொண்டார்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரப் பிள்ளைகள். பிராட்ஃபோர்ட் அறுபது வயதைத் தொட்ட நாட்களில், 1650-51 வாக்கில் இதை எழுதினார். பல பதிப்புகளில் இது பின்னிணைப்பாகத்தான் அச்சாகிறது. என்னைக் கேட்டால் ஏட்டின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. தொலைந்துபோன ஏடு பிறகு தன் ஊருக்குத் திரும்பியதற்கு அந்தப் பெயர்களே காரணமாயின.

பிராட்ஃபோர்ட் யார்க்‌ஷர் மாவட்டத்து ஆஸ்டர்ஃபீல்ட் கிராமத்துப் பையன். அந்த ஊர்த் தேவாலயத்தில் 1590 மார்ச்சில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்த பதிவு இருக்கிறது. சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பக்கத்து ஊர் ஸ்குரூபியில் வில்லியம் புரூஸ்டர் வீட்டில் ரகசியமாகக் கூடி வழிபட்டுவந்த ஒரு கூட்டத்தோடு பதின்ம வயதில் சேர்ந்துகொண்டார். அரசாங்கத் திருச்சபையும் அதன் பிஷப்புகளும் வேண்டாம் என்று பிரிந்துபோன கூட்டம் அது. அந்தக் காலத்தில் அது குற்றம். 1608-இல் ஹாலந்துக்குத் தப்பி ஓடினார்கள். அடுத்த ஆண்டு லெய்டன் நகரில் குடியேறி, பிராட்ஃபோர்ட் அங்கே துணி நெய்து பிழைத்தார். 1613-இல் டாரதி மே என்ற பெண்ணை மணந்தார். 1620-இல் புறப்படும்போது ஒரே மகன் ஜானை விட்டுவிட்டு வந்தார்கள்.

கப்பலில் 102 பயணிகள். செப்டம்பர் 6-இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை விட்டு, நவம்பர் 11-இல் அமெரிக்கக் கரையில் கேப் காட் முனையில் நங்கூரம் போட்டார்கள். குடியேற இடம் தேடி ஆண்கள் சிலர் படகில் கிளம்பினார்கள், பிராட்ஃபோர்டும் போனார். அவர் அங்கே இல்லாத நேரத்தில் டாரதி கப்பலிலிருந்து விழுந்து மூழ்கிப்போனார். இது மற்றவர்கள் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. கணவர் தம் பட்டியலில் எழுதியது ஒரே வரி: வந்த கொஞ்ச நாளில் மனைவி இறந்தாள், மறுமணம் செய்துகொண்டான், நான்கு பிள்ளைகள், அவர்களில் மூவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தம்மைப் பற்றியே மற்றவர்களைப் பற்றி எழுதுவதுபோல, படர்க்கையில் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

பட்டியல் குடும்பம் குடும்பமாகப் போகிறது. முதலில் ஜான் கார்வர், முதல் கவர்னர். அவர் மனைவி கேதரின். அவர்களோடு டிசையர் மின்டர் என்ற பெண், வேலையாட்கள் ஜான் ஹௌலண்ட், ராஜர் வைல்டர், வில்லியம் லேதம் என்ற சிறுவன், ஒரு வேலைக்காரப் பெண், ஜாஸ்பர் மோர் என்ற குழந்தை. இந்த வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. இந்த வீட்டில் எட்டுப் பேர். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்ற இரண்டாம் சுற்று வருகிறது. முதல் வசந்தத்தில் கார்வர் இறந்தார், ஐந்தாறு வாரத்தில் மனைவியும் போய்ச் சேர்ந்தார். டிசையர் மின்டர் இங்கிலாந்துக்குத் திரும்பி அங்கே இறந்தாள். ஜாஸ்பரும் வைல்டரும் முதல் குளிர்காலக் கொள்ளைநோயிலேயே போனார்கள்.

ஜான் ஹௌலண்ட் மட்டும் வேறு கதை. நடுக்கடலில் புயல் அடித்தபோது மேல்தளத்துக்கு வந்தவர் தூக்கி எறியப்பட்டுக் கடலில் விழுந்தார். கப்பலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிறு ஒன்று கையில் சிக்கியது. பல முழம் தண்ணீருக்கு அடியில் போயும் பிடியை விடவில்லை. கயிற்றோடு இழுத்து, படகுக் கொக்கியால் தூக்கிப் போட்டார்கள். இதைப் பிராட்ஃபோர்ட் வரலாற்றுப் பகுதியில் ஆசையோடு எழுதியிருக்கிறார். பட்டியலில் அதன் பலன் வருகிறது: ஹௌலண்ட் ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொண்டான், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு, மூத்த மகளுக்கு நான்கு குழந்தைகள், இரண்டாம் மகளுக்கு ஒன்று. கப்பலில் வந்தபோது எலிசபெத்துக்குப் பதின்மூன்று வயது. அந்தக் குளிர்காலத்தில் தாயும் தகப்பனும் இறந்து, வேற்று மண்ணில் தனியே நின்ற பெண். மூத்த மகளுக்கு அவர்கள் வைத்த பெயர் டிசையர்.

இப்படியே போகிறது. தாமஸ் டிங்கர், மனைவி, மகன் மூவரும் முதல் நோயில் மடிந்தார்கள். அத்தோடு அந்தக் குடும்பம் முடிந்தது. எட்வர்ட் ஃபுல்லரும் மனைவியும் கரையேறிய கொஞ்ச நாளில் இறந்தார்கள். மகன் சாமுவேலுக்கு நான்கு பிள்ளைகள் ‘அல்லது அதற்கு மேல்’. கவர்னருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, அதை மறைக்காமல் எழுதினார். ஜான் பில்லிங்டன் ஒருவனைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவன். அதுவும் அப்படியே இருக்கிறது. அவனுடைய இரண்டாம் மகனுக்கு எட்டுப் பிள்ளைகள் என்பதும் அடுத்த வரியில் இருக்கிறது. தூக்கில் தொங்கிய அந்த மனிதனின் வழியில் பின்னாளில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வந்தார்.

கடைசியில் கூட்டல். வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் கொள்ளைநோயிலேயே, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் இறந்தார்கள். மிஞ்சிய கொஞ்சப் பேரிலிருந்து முப்பது ஆண்டில் 160 பேருக்கு மேல் பிறந்து 1650-இல் உயிரோடு இருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்களிலேயே முப்பது பேர் அளவுக்கு இன்னும் இருக்கிறார்கள்.

வம்சாவளி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேல்நோக்கிப் போவார்கள். அப்பா, தாத்தா, பாட்டனார் என்று ஏறி, எங்காவது ஒரு பிரபு தட்டுப்படுவாரா, ராஜா தட்டுப்படுவாரா என்று தேடுவார்கள். பிராட்ஃபோர்ட் கீழ்நோக்கி எழுதினார். அவருடைய கேள்வி ஒன்றுதான்: நாங்கள் அழியாமல் இருந்தோமா? பிணங்களைப் புதைத்த ஒரு தலைமுறை கேட்கிற கேள்வி அது.

அதே மண்ணில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைத்தவர்கள் உண்டு. பிளிமத் எழும்பிய இடம் பட்டக்ஸட் என்ற வாம்பனாக் பழங்குடி ஊர். கப்பல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஐரோப்பியர் வழியாகப் பரவிய கொள்ளைநோயில் ஊரே காலியாகியிருந்தது. உழுது பண்படுத்திய வயல்கள் மட்டும் மிச்சம். அந்த ஊரைச் சேர்ந்த ஸ்குவான்டோ, கடத்திச் செல்லப்பட்டு ஐரோப்பாவில் இருந்ததால் உயிர் தப்பியவர். மக்காச்சோளம் விதைக்க இந்த வெள்ளைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். வரலாற்றுப் பகுதியில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் பட்டக்ஸட்டில் இறந்தவர்களுக்கு யாரும் பெயர்ப்பட்டியல் எழுதவில்லை.

ஏட்டின் பயணத்துக்கு வருவோம். பிராட்ஃபோர்ட் 1657-இல் காலமானார். ஏடு மகன் மேஜர் வில்லியமுக்குப் போனது. வாம்பனாக் தலைவர் மெட்டாகொமுக்கு எதிராக 1675-76-இல் நடந்த போரில் பிளிமத் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். போரில் காயமும் பட்டார். மெட்டாகொம் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்தில் கழியில் குத்திவைக்கப்பட்டது. அவர் மனைவியும் சிறு வயது மகனும் பிடிபட்டு, மகன் அடிமையாக விற்கப்பட்டான். பிளிமத்துக்காரர்கள் பட்டினி கிடந்த நாளில் நட்புக்கரம் நீட்டிய மாசசோயிட் என்ற தலைவரின் மகன்தான் மெட்டாகொம். ஒரு வம்சத்தின் பெருக்கத்தைக் கணக்கெடுத்த ஏடு, இன்னொரு வம்சத்தைச் சிதைத்த போரின் தளபதி வீட்டில் இருந்தது. இதைச் சொல்லாமல் அந்த 160 பேரின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

மேஜர் வில்லியமிடமிருந்து ஏடு அவர் மகன் மேஜர் ஜானுக்கு வந்தது. இது நமக்கு எப்படித் தெரியும்? ஏட்டுக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கிறது. சாமுவேல் பிராட்ஃபோர்ட் என்ற குடும்பத்துப் பிள்ளை 1705 மார்ச் 20-இல், எழுத்துப் பிழைகளோடு எழுதிவைத்தது: கவர்னர் எழுதினார், மகன் மேஜர் வில்லியமுக்குக் கொடுத்தார், அவர் தம் மகன் மேஜர் ஜானுக்குக் கொடுத்தார். வம்சங்களைப் பதிந்த ஏட்டுக்கே இப்படி ஒரு கொடிவழி அமைந்துவிட்டது. பின்னாளில் லண்டனில் இதை அடையாளம் காட்டிய சாட்சிகளில் இந்தக் குறிப்பும் ஒன்று.

மேஜர் ஜான் ஏட்டைச் சாமுவேல் சீவல் என்ற நீதிபதிக்குப் படிக்கக் கொடுத்திருந்தார். மசாசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி அப்பாவிகளைத் தூக்கிலிட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர் சீவல். பிறகு தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று குற்றத்தை ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். பாஸ்டனின் ஓல்ட் சவுத் தேவாலயப் போதகர் தாமஸ் பிரின்ஸ் 1728-இல் ஜானின் வீட்டுக்குப் போனபோது, இரவல் போன ஏட்டை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஜான். நியூ இங்கிலாந்து பற்றிய நூல்களையெல்லாம் மாணவப் பருவம் முதல் சேர்த்துவந்தவர் பிரின்ஸ். அந்தச் சேகரிப்பில் இதையும் வைக்கலாமா என்று கேட்டார். சம்மதித்த பேரன் ஒரு நிபந்தனை போட்டார்: தாம் உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்க விட வேண்டும். இவை அத்தனையையும் பிரின்ஸ் ஏட்டின் முன்பக்கத்தில் தேதி போட்டு எழுதி, தம் நூலகத்தின் அச்சிட்ட உரிமைச் சீட்டையும் ஒட்டினார். பழம் நூல்களைச் சேர்க்கிறவர்களுக்கு இவரைவிட நல்ல முன்மாதிரி இல்லை. நூல் யாருடையது, எப்படி வந்தது என்று அவர் எழுதிவைத்திராவிட்டால் இந்தக் கதையின் பிற்பாதி நடந்திருக்காது.

பிரின்ஸ் 1758-இல் இறந்தார். அவர் நூல்கள் ஓல்ட் சவுத் தேவாலயக் கோபுர அறையில் இருந்தன. தாமஸ் ஹட்சின்சன் 1767-இல் வெளியிட்ட மசாசூசெட்ஸ் வரலாற்றின் இரண்டாம் பாகத்துக்கு இந்த ஏட்டைப் பயன்படுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு இதைப் பார்த்தவர் யார் என்பதற்குத் தடயம் இல்லை. 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் வெடித்தது. பாஸ்டனைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் படை ஓல்ட் சவுத் தேவாலயத்தின் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணைக் கொட்டி, குதிரை ஓட்டிப் பழகும் கூடமாக்கியது. போர் முடிந்தபோது ஏடு இல்லை. பிராட்ஃபோர்டின் கடிதப் புத்தகம் ஒன்று, முன்பகுதி முழுவதும் கிழிந்துபோன நிலையில், நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒரு மளிகைக் கடையில் கிடைத்தது. வரலாற்று ஏட்டுக்கும் அதே கதி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஏடு இல்லாத காலத்தில் வம்சாவளிகள் என்ன ஆயின என்பதற்கு ஹௌலண்ட் குடும்பமே உதாரணம். அவர் மனைவி எலிசபெத், கவர்னர் கார்வரின் மகள் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். வேலைக்காரனாக வந்தவன் எசமானின் மகளைக் கட்டினான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. முதல் கவர்னர் பாட்டனாராகக் கிடைப்பது பெருமையும்கூட. பிளிமத்தின் பழைய இடுகாட்டுக் குன்றில் சந்ததியார் நட்ட நினைவுக் கல்லிலும் அப்படியே செதுக்கிவிட்டார்கள். மறுக்க ஆதாரம் எதுவும் கையில் இல்லை. இந்தக் குடியேறிகள் திருமணத்தைத் தேவாலயச் சடங்காக ஏற்காதவர்கள். ஹாலந்து வழக்கத்தைப் பின்பற்றி ஊர் அதிகாரி முன்னிலையிலேயே மணம் முடித்தார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் 1538 முதல் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிந்துவந்தன. பிளிமத்தின் முதல் ஆண்டுகளுக்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஒரே பட்டியல் கடலுக்கு அப்பால் இருந்தது.

லண்டன் பிஷப்பின் மாளிகையான ஃபுல்ஹமில், அங்குள்ள நூலகத்தில் அது இருந்தது. சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1844-இல் அமெரிக்கத் திருச்சபையின் வரலாற்றை வெளியிட்டார். ஃபுல்ஹமில் உள்ள ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து என்று சொல்லி அதில் சில பகுதிகளை எடுத்துப் போட்டிருந்தார். அமெரிக்காவில் அதைக் கவனித்தவர் யாரும் இல்லை. 1855-இல், மசாசூசெட்ஸ் வரலாறு எழுதிக்கொண்டிருந்த ஜான் பாரி இரவல் வாங்கிய அந்த நூலைப் புரட்டினார். சில வரிகள் ஏற்கெனவே பழகிய வரிகளாக இருந்தன. பிரின்ஸும், பிராட்ஃபோர்டின் இரண்டாம் மனைவியின் சகோதரி மகனான நதானியேல் மார்ட்டனும் தொலைந்த ஏட்டிலிருந்து தம் நூல்களில் எடுத்தாண்டவை அவை. ஆனால் அவற்றுக்கு முன்னும் பின்னும், எந்த நூலிலும் அச்சேறாத வரிகளும் வில்பர்ஃபோர்ஸிடம் இருந்தன. அப்படியென்றால் மூலமே அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

பாரி, மசாசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் சார்ல்ஸ் டீனிடம் ஓடினார். டீன் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஜோசஃப் ஹன்டர் என்ற ஆவணக் காப்பாளர், இந்தக் குடியேறிகள் இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்பதைத் தேடி ஸ்குரூபியை அடையாளம் கண்டவர். அவரே ஏட்டைப் பார்த்தார். பிராட்ஃபோர்டின் கையெழுத்து, சாமுவேலின் குறிப்பு, பிரின்ஸின் குறிப்பு, ஒட்டிய சீட்டு, எல்லாம் அதில் இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நகல் எடுத்து 1856-இல் பாஸ்டனில் அச்சிட்டார்கள். இருநூறு ஆண்டு கழித்து அந்தப் பெயர்கள் ஊருக்குள் வந்தன. ஹௌலண்ட் கட்டியது ஜான் டில்லியின் மகளை என்று அவரை நேரில் அறிந்த கவர்னரே எழுதியிருந்தார். கார்வருக்குப் பிள்ளைகள் மிஞ்சியதாகப் பட்டியலில் இல்லை. சந்ததியார் பிறகு புதுக் கல் நட்டார்கள். அதில் எலிசபெத் டில்லி என்றே இருக்கிறது.

அச்சுப்பிரதி வந்துவிட்டது, மூல ஏடு இன்னும் லண்டனில். திருப்பிக் கேட்ட முயற்சிகள் பலிக்கவில்லை. மசாசூசெட்ஸ் செனட்டர் ஜார்ஜ் ஹோர் 1896-இல் ஃபுல்ஹமுக்குப் போய் பிஷப் ஃபிரெடரிக் டெம்பிளைச் சந்தித்தார். இந்த ஏடு எங்கள் மக்களுக்கு எத்தகையது என்று விளக்க, ஆல்ஃபிரட் மன்னரின் ஆட்சியைப் பற்றி மன்னரே கைப்பட எழுதியது கிடைத்தால் ஆங்கிலேயர்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். அமெரிக்கர்களுக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பது தமக்குத் தெரியாது என்றார் டெம்பிள். கொடுக்க மனம் இருந்தது. ஆனால் பிஷப்புக்கு அதைத் தூக்கிக் கொடுக்கும் உரிமை உண்டா? அவர் கான்டர்பரிக்கு ஆர்ச்பிஷப்பாகப் போனார். அடுத்து வந்த மேன்டல் கிரெய்ட்டன் காலத்தில், 1897-இல், அமெரிக்கத் தூதர் தாமஸ் பேயர்டின் மனு லண்டன் மறைமாவட்டத்துத் திருச்சபை நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி டாக்டர் டிரிஸ்ட்ரம்.

அவர் வழக்கை அணுகிய விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏடு எப்படி லண்டனுக்கு வந்தது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திருட்டு என்றும் நிரூபிக்க முடியாது, நன்கொடை என்றும் நிரூபிக்க முடியாது. உரிமையை அந்த வழியில் தேடினால் வழக்கு முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிரிஸ்ட்ரம் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். இதில் பிறப்பும் மணமும் இறப்பும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இது பதிவேட்டின் தன்மை கொண்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் திருச்சபைக் காரியங்கள் அந்தக் காலத்தில் லண்டன் பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்டவை. எனவே அத்தகைய பதிவேடு அவர் காப்பகத்தில் இருப்பது முறைதான், நீதிமன்றத்துக்கு அதன்மேல் அதிகாரமும் உண்டு. ஆனால் 1776-இல் அந்த மண் தனி நாடாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பதிவுக்கு உரிய இடம் லண்டன் அல்ல. முதல் குடியேறிகளின் குடும்ப விவரங்கள் யாருக்குத் தேவையோ அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நிழற்படப் பிரதி ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு மூலத்தை மசாசூசெட்ஸ் கவர்னரிடம் ஒப்படைக்க உத்தரவு போட்டார்.

பிஷப்புகளின் நீதிமன்றத்துக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடியவர்களின் பெயர்ப்பட்டியலை, பிஷப்பின் நீதிமன்றம் ஒன்றே அவர்கள் சந்ததிக்கு எடுத்துக் கொடுத்தது. ஏட்டில் வெறும் வரலாறு மட்டும் இருந்திருந்தால் டிரிஸ்ட்ரமுக்கு இந்த வழி கிடைத்திருக்காது.

1897 மே 26-இல் பாஸ்டனில் மாநில அரசு மாளிகையில் பேயர்ட் ஏட்டைக் கவர்னர் ராஜர் வோல்காட்டிடம் கொடுத்தார். அதே ஆண்டில்தான் மேஃபிளவர் சந்ததியாரின் பொதுச் சங்கம் பிளிமத்தில் தொடங்கியது. இன்று அதில் சேர விரும்புகிறவர் பட்டியலில் உள்ள ஒருவரிலிருந்து தம் வரையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பாட்டி சொன்னாள் என்பது செல்லாது. ஒரே ஒரு தலைமுறையில் இணைப்பு அறுந்தாலும் மனு தேறாது. அப்படி நிரூபிக்கப்பட்ட வழிகளில் ஹௌலண்டின் சந்ததி மிகப் பெரியது. அதிபர்கள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரு புஷ்களும், எழுத்தாளர் எமர்சனும், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டும் கயிற்றை விடாத அந்த வேலைக்காரனின் வழியில் வந்தவர்கள்.

தேடுகிறவர்களைத் திணறடிக்கும் சங்கதிகள் பல. 1752 வரை ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் பிப்ரவரியில் நடந்த ஒரு மரணத்துக்கு இரண்டு ஆண்டுகளைச் சாய்கோடு போட்டு எழுத வேண்டியிருக்கிறது. கவனிக்காதவர் கணக்கில், தகப்பன் இறந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை பிறந்துவிடும். பெண்களின் பாடு இன்னும் மோசம். பட்டியலில் பல பெண்கள் ‘அவன் மனைவி’ மட்டும்தான். பிறந்த வீட்டுப் பெயர் இல்லாததால் அந்த வழியே இங்கிலாந்துக்குப் போகும் பாதை அடைபட்டுவிடுகிறது. எலிசபெத் டில்லியின் தாய் யார் என்பதும் நெடுநாள் தவறாகவே சொல்லப்பட்டு வந்தது. 1976-இல்தான் பெட்ஃபர்ட்‌ஷரின் ஹென்லோ கிராமப் பதிவேட்டில் 1607 ஆகஸ்ட் 30-இல் அவளுக்கு நடந்த ஞானஸ்நானப் பதிவைக் கொண்டு, தாய் ஜோன் ஹர்ஸ்ட் என்பது வெளியானது. பிராட்ஃபோர்டின் பட்டியல் தகப்பன் பெயரைச் சரியாகச் சொல்லியிராவிட்டால் அந்தக் கிராமத்துக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பட்டியலும் தவறே செய்யாதது அல்ல. புரூஸ்டர் வீட்டோடு வந்தவர்களில் ரிச்சர்ட் மோர் என்ற பையனையும் ‘அவன் சகோதரன் ஒருவனையும்’ பிராட்ஃபோர்ட் குறிக்கிறார். அந்தச் சகோதரன் உண்மையில் மேரி என்ற நான்கு வயதுப் பெண் குழந்தை. கார்வர் வீட்டில் இருந்த ஜாஸ்பரும், எட்வர்ட் வின்ஸ்லோ வீட்டில் இருந்த எலனும் அவர்களோடு பிறந்தவர்கள். மூத்தவளுக்கு எட்டு வயது. நான்கு குழந்தைகள், பெற்றோர் இல்லாமல், மூன்று வீடுகளாகப் பிரிந்து கப்பலில் ஏன் வந்தார்கள்? ஏட்டில் விடை இல்லை. 1959-இல் ஷ்ராப்‌ஷரில் மோர் குடும்பத்தின் பழைய காகிதங்களிலிருந்து விடை கிடைத்தது. சாமுவேல் மோர், கேதரின் மோர் இருவருக்கும் நடந்தது சொத்துக்காக முடிக்கப்பட்ட கல்யாணம். குழந்தைகள் ஜேக்கப் பிளேக்வே என்பவரின் சாயலில் இருப்பதாகக் கண்ட சாமுவேல், அவர்களைத் தாயிடமிருந்து பறித்து, பணம் கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார். பிள்ளைகள் எங்கே என்று தாய் நீதிமன்றத்தில் மனு போட்டதற்கு 1622-இல் அவர் கொடுத்த பதில்தான் கிடைத்த காகிதம்.

அந்த நால்வரில் மூவர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ரிச்சர்ட் பிழைத்து மாலுமியானார். சேலம் ஊர் இடுகாட்டில் அவருடைய கல் இன்னும் நிற்கிறது. மேஃபிளவர் பயணிகளில் நட்ட இடத்திலேயே மூலக் கல் மிஞ்சியிருப்பது அவருக்கு மட்டும்தான். கவர்னர் அவரைப் பற்றி எழுதியது: கல்யாணம் ஆகி நான்கோ ஐந்தோ பிள்ளைகள், எல்லாரும் உயிரோடு. அவர் சந்ததியார் இன்று தம் கொடிவழியை எழுதும்போது பிளிமத் பட்டியலிலிருந்து ஷ்ராப்‌ஷரின் ஷிப்டன் தேவாலயப் பதிவேட்டுக்குப் போகிறார்கள். 1614-இல் பதிந்த அந்த ஞானஸ்நானத்தைப் பார்த்து, கேதரின் மோர் என்ற தாயின் பெயரை எழுதுகிறார்கள். தகப்பன் என்று ஜேக்கப் பிளேக்வேயை எழுதுவதற்குச் சாமுவேலின் அந்தப் பதிலையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.